நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி: குளிர்ச்சியைப் பழித்துப் புகையை மறக்கலாமா?

காலையில் எழுந்தவுடன் சிறிது நேரம் இருமிச் சளியை வெளியேற்றுவதை முதுமையின் இயல்பு என்றே நம்மில் பலர் கருதி வருகிறோம். “அவர்களுக்கு அது எப்போதும் உள்ளதுதான், குளிர்ச்சி உடம்பு” என்று வீட்டார் கூறுவர். இருமுபவரும் அவ்வாறே நம்பித் தயிரை விலக்குவார், வாழைப்பழத்தை விலக்குவார், தலைக்கு நீர் ஊற்றிக்கொள்ளும் நாள்களையும் குறைத்துக்கொள்வார். இருமல் மட்டும் விலகுவதில்லை. ஆண்டுகள் சில சென்றபின் மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குகிறது. பின்னர்க் கடைத்தெருவுக்கு நடந்து செல்வதும் அரிதாகிறது. அந்நிலையில்தான் மருத்துவரை நாடுகிறோம்.

வயது முதிர்ந்தால் பார்வை மங்கலாம்; செவிப்புலன் குறையலாம். ஆனால் நாள்தோறும் சளியுடன் இருமுவதை முதுமையின் கணக்கில் எழுதிவிடுதல் பொருந்தாது. அந்நிலைக்கு ஒரு பெயர் உண்டு. அறியப்பட்ட காரணங்களும் உண்டு. அக்காரணங்களுள் பெரும்பாலானவை நாம் முயன்றால் விலக்கத்தக்கவை. அவற்றை ஒழுங்காக அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பெயரும் வரையறையும்

நாம் இழுக்கும் காற்று தொண்டையைக் கடந்து மூச்சுக்குழலை அடைகிறது. அக்குழல் மார்பினுள் வலமும் இடமுமாக இரு கிளைகளாகப் பிரிந்து இரு நுரையீரல்களுக்கும் செல்கிறது. இக்கிளைக் குழல்களின் உட்பரப்பு சிவந்து வீங்கிச் சளி மிகுவதையே மூச்சுக்குழல் அழற்சி என்கிறோம். மருத்துவர்கள் ‘பிராங்கைட்டிஸ்’ என்று எழுதித் தருவது இதனையே. சார்லஸ் பேடம் என்னும் ஆங்கில மருத்துவர் 1808-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப்பெயரை வழங்கினார்.

இவ்வழற்சி இரு வகைப்படும். சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து வந்து, இரண்டு மூன்று வாரங்களில் தானே தணிவது ஒரு வகை. அதற்குப் பெரும்பாலும் வைரஸ் கிருமிகளே காரணம். மற்றொரு வகை ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. அதனையே நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்கிறோம். எத்தனை நாள் நீடித்தால் நாட்பட்டது என்று கூறலாம்? மருத்துவ உலகம் இதற்கு மூன்று உறுப்புகள் கொண்ட ஓர் அளவுகோலை வைத்துள்ளது.

1. ஓர் ஆண்டில் குறைந்தது 3 மாதங்கள், பெரும்பாலான நாள்களில், சளியுடன் கூடிய இருமல் இருத்தல் வேண்டும்.
2. அந்நிலை தொடர்ந்து 2 ஆண்டுகளேனும் காணப்படுதல் வேண்டும்.
3. அவ்விருமலுக்கு வேறு நோய் காரணமில்லை என்பது உறுதிப்பட வேண்டும்.

மூன்றாம் உறுப்பை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. காசநோய், ஆஸ்துமா, இதய நோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவையும் இருமலாகவே தலைகாட்டும். ஆதலின் இருமல் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் முதற்கண் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

இந்நோய் நம் நாட்டில் அரியதன்று. இந்தியாவின் 12 மையங்களில் ஏறத்தாழ 1,70,000 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, 35 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினர்க்கு இந்நோய் உள்ளது எனக் கணித்தது. நூறு முதியோர் கூடும் ஒரு மண்டபத்தில் மூவர் அல்லது நால்வர் என்று கொண்டால் அதன் பரப்பு விளங்கும்.

குழலில் நிகழும் துப்புரவுப் பணி

காரணத்தை அறியுமுன் குழலின் இயல்பான பணியை அறிதல் நலம். மூச்சுக்குழல் தலைகீழாக நிற்கும் ஒரு மரத்தைப் போன்றது. அடிமரம் இரண்டாகவும், அவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகவும் ஏறத்தாழ 23 முறை கிளைத்து, முடிவில் நுண்ணிய காற்றறைகளில் முடிகின்றன. ஒரு நாளில் இம்மரத்தின் வழியே சென்று வரும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். அக்காற்றில் தூசியும் உண்டு, கிருமியும் உண்டு. அவையனைத்தும் உள்ளே தங்கினால் நாம் வாழ இயலாது.

அவ்வாறு தங்காமற் காப்பவை இரண்டு. ஒன்று, குழலின் உட்சுவரில் மெல்லிய போர்வை போல் படர்ந்திருக்கும் சளிநீர். சுவரிலுள்ள சுரப்பிகளும் கோப்பை வடிவ உயிரணுக்களும் அதனைச் சுரக்கின்றன. தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். மற்றொன்று, சுவரெங்கும் நெருக்கமாக முளைத்துள்ள நுண்மயிர்கள். இவை ஒரு நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசி ஒட்டிய சளிநீரை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

வீட்டிற்குத் தளம் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைக்குக் கை மாற்றி மேல்தளத்திற்கு ஏற்றுவதை நாம் பார்த்திருக்கிறோம். எவரும் இடம் பெயர்வதில்லை. சட்டி மட்டும் மேலேறும். நுண்மயிர்களின் பணியும் அத்தகையதே. தொண்டைக்கு வந்து சேரும் சிறிதளவு சளிநீரை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். எனவே உடல்நலம் உள்ளவரும் நாள்தோறும் சளிநீர் சுரக்கின்றார், அதனை உணர்வதில்லை.

புகை படிந்தால் நேர்வது

இவ்வரிசையின்மீது நாள்தோறும் புகை படிகிறது எனக் கொள்வோம். முதலில் நுண்மயிர்கள் சோர்கின்றன; அசைவு தளர்கிறது. நாளடைவில் அவை உதிர்ந்து, அவ்விடத்தில் மயிரற்ற தடித்த அணுக்கள் வளர்கின்றன. வரிசையில் நிற்கும் ஆட்கள் குறைந்துவிட்டனர் என்பது பொருள். அதே வேளையில், புகையின் உறுத்தலைத் தணிக்க முனையும் சுரப்பிகள் பருத்து முன்னிலும் மிகுதியாகச் சுரக்கின்றன. சட்டிகள் பெருகிவிட்டன, தூக்குவோர் இல்லை.

சுரப்பிகள் பருப்பதை அளந்து காட்டியவர் லின் ரீட் என்னும் பெண் மருத்துவ அறிஞர். இவர் 1960-இல் வெளியிட்ட அளவைமுறை இன்றும் ‘ரீட் குறியீடு’ என்று வழங்கப்படுகிறது. நலமுள்ள குழற்சுவரின் கனத்தில் சுரப்பிகள் பத்தில் நான்கு பங்கிற்கு மேற்படுவதில்லை. நாட்பட்ட அழற்சியுற்றோரிடம் அவை பாதிக்கு மேலும் இடம் கொள்ளும்.

தேங்கிய சளியை வெளியேற்ற உடலுக்கு எஞ்சியுள்ள வழி இருமல் ஒன்றே. இரவெல்லாம் தேங்கியது காலையில் வெளிப்படுகிறது. ஆதலால்தான் விடியற்காலையில் இருமல் மிகுதி. தேங்கிய நீரில் பாசி படர்வது போலத் தேங்கிய சளியில் கிருமிகள் பெருகும். அவ்வப்போது காய்ச்சல் காண்பதும், வெண்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதும் இதன் விளைவே. ஒவ்வொரு தாக்குதலும் சுவரை மேலும் தடிக்கச் செய்ய, குழலின் வழி குறுகுகிறது. அக்குறுக்கம் நிலைத்துவிட்டால் மருத்துவர்கள் அதனைச் ‘சி.ஓ.பி.டி.’ என்று குறிப்பர். மூச்சு வாங்குதல் இந்நிலையில்தான் பெரிதும் புலப்படும்.

முதற்காரணம் புகையிலை

உலகெங்கும் இந்நோய்க்கு முதற்காரணமாகக் காணப்படுவது புகையிலைப் புகை. பீடி சிறியது, ஆதலால் தீங்கும் சிறியது என்று எண்ணுதல் தவறு. பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியுள்ளது. அதில் வடிகட்டியும் இல்லை. புகைப்பவரோடு ஒரே அறையில் வாழும் மனைவியும் குழந்தைகளும் அப்புகையையே சுவாசிக்கின்றனர்.

ஈண்டு ஒரு வினா எழுகிறது. பீடியையோ சிகரெட்டையோ தொட்டறியாத பெண்மணிகள் பலர்க்கு இந்நோய் வருவது எங்ஙனம்? இதற்கு விடை காண, வேறொரு நாட்டில் நிகழ்ந்ததை முதலில் காண்போம்.

இலண்டன் கற்ற பாடம்

நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியை ‘ஆங்கிலேயர் நோய்’ என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் அது அத்துணை மிகுந்திருந்தது. அந்நாட்டின் குளிரும் ஈரமும் மூடுபனியுமே காரணம் எனப் பலர் எண்ணி வந்தனர். தட்பவெப்பம் இறைவன் தந்தது. அதனை யார் மாற்ற இயலும் என்று வாளாவிருந்தனர்.

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இலண்டன் நகரின்மீது காற்றசைவின்றி ஒரு மூடுபனி கவிந்தது. வீடுதோறும் குளிர் காய எரித்த நிலக்கரியின் புகையும், ஆலைப் புகையும் மேலெழ வழியின்றி அதனுள் சிக்கின. 9-ஆம் நாள் வரை நகரம் இருண்டு கிடந்தது. ஏறத்தாழ 4,000 பேர் வழக்கத்தை மீறி இறந்தனர் என அன்று கணக்கிட்டனர்; பின்வந்த ஆய்வாளர் சிலர் 12,000 வரை மதிப்பிட்டனர். மாண்டோருள் முதியோரும், முன்னரே மூச்சுக்குழல் நோயும் இதய நோயும் உற்றோரும் மிகப் பலர்.

அந்நகரில் மூடுபனி புதிதன்று. அதனோடு கலந்த புகையே உயிரைக் குடித்தது என்பது அதன்பின் தெளிவாயிற்று. 1956-இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. புகையில்லா எரிபொருளுக்கு வீடுகள் மாறின. இங்கிலாந்தின் குளிர் பெரிதும் மாறிவிடவில்லை. நகரத்தின் கரும்புகைதான் குறைந்தது. அத்தகைய கொடிய மூடுபனிகளும் ஒழிந்தன.

வீட்டு அடுப்பின் புகை ஒரு நகரத்தையே வீழ்த்த வல்லது என்பது இலண்டன் நமக்குத் தரும் பாடம். குளிர்ச்சியைப் பழித்திருந்த வரையில் எவரும் அடுப்பை நோக்கவில்லை என்பதும் அப்பாடத்தின் பகுதியே.

நம் அடுப்பங்கரை

இனி நம் வீட்டிற்கு வருவோம். நம் தலைமுறைப் பெண்கள் சவுக்கு விறகும் வேலிமுள்ளும் வறட்டியும் மணிலாக்கொட்டைத் தோலும் எரித்தே சமைத்தனர். சாளரமற்ற சமையலறை, சுவரெல்லாம் கரி. மழைநாளில் ஈர விறகு எரியாமற் புகைய, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்தனர். நெருப்பை ஊதுவதற்கு முன் ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும். அம்மூச்சில் உட்சென்றது புகையே.

விறகுப் புகையில் உள்ள நுண்துகள்களுள் பெரும்பாலானவை நம் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கினும் சிறியவை. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் குழலின் கடைசிக் கிளைகள் வரை அவை செல்லும். உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த நெறிப்படி, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள் 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. விறகெரியும் மூடிய சமையலறையில் சமைக்கும் பொழுது அது பல நூறு மைக்ரோகிராமை எட்டுகிறது. சில வேளை ஆயிரத்தையும் கடக்கிறது. கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர் குஜராத் மாநிலச் சிற்றூர்களில் சமைக்கும் பெண்கள் உட்கொள்ளும் புகையைக் கருவி கொண்டு அளந்து 1983-இல் வெளியிட்ட பின்னரே இவ்வுண்மை உலகின் கவனத்திற்கு வந்தது.

நம்மோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவரை இங்கு நினைவுகூர்கிறோம். விடியுமுன் எழுந்து விறகடுப்பில் இருவேளை உணவும் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருவார். ஓய்வு பெற்றபின் இருமலும் இளைப்பும் கண்டு மருத்துவரிடம் சென்றார். “புகைப்பிடிக்கும் பழக்கம் உண்டா?” என்று மருத்துவர் கேட்டார். அம்மையார் நாணி, இல்லை என்றார். வினா அத்துடன் முடிந்தது. அடுப்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை, அம்மையாரும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் இருமல் மருந்து மட்டுமே குடித்து வந்தார். மூச்சின் அளவைக் கருவியால் சோதித்தபோது அவருடைய நுரையீரலின் திறன் பாதியாகக் குறைந்திருந்தது.

கேட்கப்படாவிடினும் நாமே சொல்லுதல் வேண்டும். “இத்தனை ஆண்டுகள் விறகில் சமைத்தேன்” என்னும் ஒரு வாக்கியம் நோயறிதலின் திசையையே மாற்றக்கூடும்.

ஒரு பெருக்கல் கணக்கு

எத்தனை ஆண்டுகள் என்பதை எளிய கணக்கால் அறியலாம். சண்டிகரைச் சேர்ந்த மருத்துவர்கள் வழங்கிய முறை இது: நாள்தோறும் அடுப்பின் முன் செலவிடும் மணி நேரத்தை, அவ்வாறு சமைத்த ஆண்டுகளால் பெருக்குக. மைசூர் மாவட்டக் கிராமப் பெண்களிடம் நிகழ்த்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வில், இத்தொகை 60-ஐ எட்டியோர்க்கு நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி வரும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது.

நாளுக்கு 3 மணி நேரம், 20 ஆண்டுகள் எனில் 60. நாளுக்கு 4 மணி நேரம், 30 ஆண்டுகள் எனில் 120. பதினெட்டு வயதில் மணமாகி வந்த பெண் நாற்பதை எட்டுமுன்னரே முதற்கணக்கு நிறைவுறுவதைக் காண்க. இத்தொகை மிகுந்தோர் அனைவர்க்கும் நோய் வந்தே தீரும் என்பதன்று. இருமல் உள்ளோர் இத்தொகையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுதல் நலம்.

பிற காரணங்கள்

கல்லுடைக்கும் இடம், நிலக்கரிச் சுரங்கம், பஞ்சாலை, மாவு மில், அரிசி ஆலை ஆகியவற்றின் தூசியும் இந்நோயை உண்டாக்க வல்லது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு வரும் இந்நோய் 1993-இல் தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது. நகரங்களில் ஊர்திகளின் புகையும், தெருவோரம் குப்பை எரிக்கும் புகையும் சேர்கின்றன. இளமையில் அடிக்கடி நுரையீரல் காய்ச்சல் கண்டோர்க்கும் குழல்கள் வலுக்குன்றியிருக்கும்.

நாம் பொருட்படுத்தாத ஒன்று கொசுவர்த்திச் சுருள். சீனா, மலேசியா நாடுகளின் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்கு நிகர். கதவடைத்த அறையில் அதனைக் கட்டிலடியில் வைத்துக் குழந்தைகளை உறங்கச் செய்வதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தயிரும் மோரும் வாழைப்பழமும் இந்நோயை உண்டாக்குவதில்லை. பனிக்காற்று, முன்னரே புண்பட்ட குழலை உறுத்தி இருமலைத் தூண்டலாம். குழலைப் புண்படுத்தியது அதுவன்று. உணவை மட்டும் குறைத்துப் புகையை அப்படியே விட்டுவைப்போர் உடல் மெலிந்து மேலும் நலிவர்.

காரணம் விலகினால் நலம் உண்டா?

உண்டு. ஒரு நொடியில் நாம் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, நலமுள்ளோர்க்கும் நடுவயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் குறைகிறது. புகையால் பாதிக்கப்படுவோர்க்கு இக்குறைவு இருமடங்காகும். சிலர்க்கு அதனினும் மிகும். இலண்டனில் ஆடவர் சிலநூற்றுவரை 8 ஆண்டுகள் தொடர்ந்து சோதித்த சார்லஸ் ஃபிளெட்சர், ரிச்சர்ட் பீட்டோ ஆகிய இருவரும் 1977-இல் வெளியிட்ட முடிவு இது: புகைப்பதை நிறுத்தியவர் இழந்த திறனைத் திரும்பப் பெறுவதில்லை, ஆயினும் அதன்பின் குறையும் வேகம் நலமுள்ளோரின் வேகத்திற்குத் திரும்புகிறது. இருமலும் சளியும் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் தணிகின்றன.

அடுப்புப் புகைக்கும் இது பொருந்தும். சீனாவின் தென்பகுதியில் குவாங்டாங் மாநிலச் சிற்றூர்களில் 2002 முதல் 2011 வரை நிகழ்ந்த ஆய்வில், சாண எரிவாயுவுக்கு மாறியோர்க்கும் சமையலறையில் புகை வெளியேற வழி செய்தோர்க்கும் நுரையீரல் திறன் குறையும் வேகம் தணிந்தது.

எனவே அறுபது வயதிற்கு மேல் மாறி என்ன பயன் என்று சோர்தல் வேண்டா. எந்த வயதில் புகையை விலக்கினாலும், எஞ்சிய மூச்சு காக்கப்படும்.

செய்யத்தக்கவை

1. எரிவாயு இணைப்பு உள்ள வீட்டில் அதனையே முழுதும் பயன்படுத்துக. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை இல்லங்கள் பலவற்றிற்கு இணைப்பு கிடைத்தது. ஆயினும் சிலிண்டர் விலையை எண்ணி வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகையே மூட்டுகின்றனர். விறகு இலவசமாகக் கிடைக்கலாம். பின்னாளில் மருந்துக்கு ஆகும் செலவையும் கூட்டியே கணக்கிடுதல் வேண்டும். இக்கணக்கை வீட்டு ஆடவரும் அமர்ந்து பார்த்தல் முறை.
2. விறகைத் தவிர்க்க இயலாவிடின் புகைபோக்கி அமைக்க; அல்லது அடுப்பைத் திறந்த வெளிக்கு மாற்றுக. உலர்ந்த விறகையே எரிக்க. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அடுப்பருகே அமர்த்தாதிருக்க.
3. கொசுவுக்கு வலை கட்டுக. குப்பையை எரிக்காதிருக்க.
4. இருமல் உள்ளோர் ‘ஸ்பைரோமெட்ரி’ என்னும் மூச்சளவுச் சோதனை செய்துகொள்க. குழாயில் ஊதும் எளிய சோதனை அது, வலி இல்லை.
5. இன்ஹேலர் மருந்து பழக்கமாகிவிடும் என்று அஞ்சி, மருத்துவர் தந்ததை நிறுத்தலாகாது. கடையில் தாமே ஆன்டிபயாட்டிக் வாங்கி உண்பதும் கூடாது.
6. இன்ஃபுளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேட்டறிக. இயன்ற அளவு நாள்தோறும் நடக்க.
7. சளியில் இரத்தம், காரணமறியா உடல் மெலிவு, படுக்க இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலம் பாய்தல், கால் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்க.

பயிற்சி வினாக்கள்

(இளையோர் தம் வீட்டு முதியோருடன் அமர்ந்து விடை எழுதுக.)

1. நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியின் வரையறையில் உள்ள மூன்று உறுப்புகள் யாவை?
2. நுண்மயிர்கள் சோர்ந்தால் சளி தேங்குவது ஏன்?
3. 1952-இல் இலண்டனில் நிகழ்ந்ததற்கு மூடுபனியை மட்டும் காரணம் கூறுதல் ஏன் பொருந்தாது?
4. நும் பாட்டியார் நாள்தோறும் எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தார் எனக் கேட்டுப் பெருக்கி எழுதுக. அவர்க்குக் காலை இருமல் உண்டெனில், அத்தாளுடன் இம்மாதத்திற்குள் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்க.